குறைமாதப் பிரசவத்துக்கு முன் மெக்னீசியம் சல்ஃபேட்: மலை மருத்துவமனைச் செவிலியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் பிரசவ அறைப் பணிக்குப் புதிதாக வரும் செவிலியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 32 வாரம் நிறையாத தாய்க்கு வலி வந்துவிட்டால், பிறக்கப்போகும் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றுகிறோம். வார்டில் நாம் சொல்லும் பெயர் மேக்சல்ஃப். உத்தரவு எழுதுவது மருத்துவர். கலப்பது, ஏற்றுவது, ஏறும்போது பக்கத்தில் நிற்பது எல்லாம் நாம்.

கோத்தகிரிப் பக்கம் பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்து பார்த்ததில், புதியவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். முன்னால் செய்ய வேண்டியது பின்னால் போய்விடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பழகுங்கள்.

1. முதலில் வாரக்கணக்கு

தாயின் வயிற்றைத் தொடுவதற்கு முன் தாய் சேய் நல அட்டையைக் கேளுங்கள். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதில் உள்ள கணக்குதான் கணக்கு. அது ஒரு வாரத்துக்கு மேல் தவறாது. கடைசி மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் மூன்று வாரம் வரை முன்பின்னாகலாம். குழந்தை வளர்ச்சி குன்றியிருந்தால் 34 வாரக் குழந்தையும் 31 வாரமாகத் தெரியும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து வரும் சிலரிடம் பழைய ஸ்கேன் இருக்காது. கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டால் தெரியாது என்பார்கள். அவர்களிடம் தேதி கேட்காதீர்கள், நிகழ்வைக் கேளுங்கள். ‘தீபாவளி போனஸ் போட்ட வாரம் தலைக்குக் குளித்தேன்’ என்று ஒரு தாய் சொன்னார். தோட்ட அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் நாள் கிடைத்தது. படுகர் வீட்டுப் பெண்கள் ஹெத்தை அம்மன் பண்டிகையை வைத்துச் சொல்வார்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், வாரம் தவறினால் பின்னால் செய்யும் எல்லாமே தவறும் என்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 32 வாரத்துக்குக் குறைவான கர்ப்பத்துக்கு. பிரிட்டன் வழிகாட்டுதல் 30 வாரத்துக்குக் கீழே கொடுக்கச் சொல்கிறது, 34 வரை யோசித்துக் கொடுக்கலாம் என்கிறது. 30 முதல் 34 வாரம் வரையிலான தாய்மாரிடம் நடத்திய மெஜென்டா ஆய்வு 2023இல் வெளியானது. இறப்பிலோ மூளை வாதத்திலோ (மூளை பாதிப்பால் கைகால் அசைவு கெடுவது) அதில் பலன் தெரியவில்லை. ஆகவே 33 வாரத் தாய்க்கு மருந்து ஓடவில்லையே என்று நீங்களாகப் பதற வேண்டாம். உங்கள் மருத்துவமனையின் எல்லை எது என்று கேட்டு, சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

2. ‘எதற்காக?’ என்று கேளுங்கள்

மேக்சல்ஃப் இரண்டு காரணங்களுக்காக வருகிறது. ஒன்று, இரத்தக் கொதிப்பால் வரும் ஜன்னி. மற்றொன்று, குறைமாதக் குழந்தையின் மூளை. இரண்டுக்கும் அளவு வேறு.

ஜன்னிக்கு நம் ஊரில் பழக்கத்தில் உள்ள பிரிட்சர்ட் முறையில் நரம்பில் 4 கிராம், இரு புட்டத்திலும் தசையில் 5 கிராம் வீதம் 10 கிராம், ஆக முதல் தவணையே 14 கிராம். குழந்தையின் மூளைக்காகக் கொடுப்பது நரம்பில் 4 கிராம், பிறகு மணிக்கு 1 கிராம். தசையில் ஊசி கிடையாது. ஜன்னி மேசையில் பழகிய கை, யோசிக்காமல் 14 ஆம்பூலை எடுத்து வைத்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். உத்தரவில் ‘மேக்சல்ஃப் தொடங்கவும்’ என்று மட்டும் இருந்தால் ‘எதற்காக, எத்தனை கிராம்?’ என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

30 வாரத் தாய்க்குக் கடுமையான இரத்தக் கொதிப்பும் இருந்தால் ஜன்னிக்கான அளவே போதும். குழந்தைக்கு என்று தனியாக அதன் மேல் சேர்க்கக் கூடாது.

இன்னொரு குழப்பம், இது வலியை நிறுத்தும் மருந்து என்ற எண்ணம். வலியை நிறுத்துவதற்காக இதை நாள்கணக்கில் ஓட்டிய காலம் உண்டு. 5 முதல் 7 நாளுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் கருவில் உள்ள குழந்தையின் கால்சியம் குறைந்து எலும்பு பாதிக்கப்படுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013இல் எச்சரித்தது. நாம் கொடுப்பது பிரசவம் வரை அல்லது 24 மணி நேரம், எது முன்னால் வருகிறதோ அதுவரை. பிரசவம் 24 மணி நேரத்துக்குள் நடக்கும் என்று மருத்துவர் கருதும்போதுதான் தொடங்குகிறோம். சும்மா இழுத்துப் பிடிக்கும் வலிக்குத் தொடங்குவதில்லை.

3. டெக்ஸாமெத்தசோன் ஊசி முந்தட்டும்

குழந்தையின் நுரையீரலுக்கான டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், தசையில். போட ஒரு நிமிடம் ஆகும். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு தவணை. மேக்சல்ஃப் கலக்கும் பரபரப்பில் இது மறந்துபோவது வாடிக்கையாக நடக்கிறது. கலக்க உட்காருவதற்கு முன் முதல் ஊசியைப் போட்டு நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

4. ஏற்றக் கூடாதவர்களைப் பிரித்தெடுங்கள்

தாயிடமே கேளுங்கள், பழைய கேஸ் ஷீட்டையும் பாருங்கள். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் இருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது, மூச்சு நின்றுவிடும். இதயத் துடிப்பில் அடைப்பு உள்ளவர்களுக்கும் அப்படியே. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மருந்து உடலிலேயே தேங்கும், ஏனென்றால் மெக்னீசியம் வெளியேற வேறு வழி கிடையாது.

வலி நிறுத்த நிஃபெடிபைன் கொடுத்திருக்கிறார்களா, நோய்த்தொற்றுக்கு ஜென்டாமைசின் ஓடுகிறதா என்றும் பாருங்கள். முதலாவதோடு இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். இரண்டாவது தசைத் தளர்ச்சியைக் கூட்டும். இரண்டும் தடை அல்ல. மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அறுவைக்குப் போனால் மயக்க மருந்து மருத்துவரிடம் ‘மேக்சல்ஃப் ஓடுகிறது’ என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தசை தளர்த்தும் மருந்துகளின் வேலை இதனால் நீளும்.

5. மருந்துக்கு முன் மாற்று மருந்து

தட்டில் முதலில் வைக்க வேண்டியது 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட், 10 மில்லி. கூடவே 10 மில்லி சிரிஞ்ச். அலமாரியில் இருக்கிறது என்பது போதாது. இரவில் அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதன்பின் ஆக்சிஜன், பெரியவருக்கான ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), முழங்கால் தட்டும் சுத்தியல், இரத்த அழுத்தக் கருவி, வினாடி முள் உள்ள கடிகாரம், சிறுநீர் அளக்கும் கலம். இரு கைகளிலும் தனித்தனியாக நரம்பு ஊசிக்குழாய் போடுங்கள். மெக்னீசியம் சல்ஃபேட்டும் கால்சியமும் ஒரே குழாயில் சந்தித்தால் படிந்து அடைத்துக்கொள்ளும். அவசர நேரத்தில் நரம்பு தேடிக்கொண்டிருக்க முடியாது.

தொடங்கும் முன் நான்கு எண்களை எழுதுங்கள்: நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் தானாக அசைவது). கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு இயல்பிலேயே முழங்கால் மெதுவாகத்தான் அசையும். மருந்து ஏறிய பின் முதல் முறையாகத் தட்டிப் பார்த்தால், அது இயல்பா நச்சா என்று சொல்ல யாராலும் முடியாது.

6. கலப்பது

நம்மிடம் வருவது பெரும்பாலும் 50 சதவீத ஆம்பூல், 2 மில்லி, அதாவது ஆம்பூலுக்கு 1 கிராம். ஒவ்வொரு முறையும் சதவீதத்தைப் படியுங்கள். வேறு செறிவுள்ள பெட்டி வந்திருந்தால் கணக்கு முழுதும் மாறும்.

முதல் தவணைக்கு 4 ஆம்பூல், 8 மில்லி. அதோடு நார்மல் சலைன் 12 மில்லி. மொத்தம் 20 மில்லியில் 4 கிராம், 20 சதவீதக் கரைசல். 50 சதவீதத்தை அப்படியே நரம்பில் ஏற்றக் கூடாது.

தொடர் தவணைக்கு 10 ஆம்பூல், 20 மில்லி. சலைன் 30 மில்லி. மொத்தம் 50 மில்லியில் 10 கிராம். இதுவும் 20 சதவீதம்தான். மணிக்கு 5 மில்லி ஓடினால் 1 கிராம்.

இரண்டும் ஒரே செறிவுதானே, ஒரே 50 மில்லி சிரிஞ்சில் கலந்து முதல் தவணையையும் அதிலிருந்தே கொடுத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஓர் இரவு, புதிதாக வந்த செவிலியர் ஒருவர் அப்படித்தான் செய்தார். சிரிஞ்ச் பம்பை மணிக்கு 40 மில்லி வேகத்தில் வைத்து, அரை மணியில் 4 கிராம் ஏறியதும் 5க்குக் குறைப்பதாகத் திட்டம். அந்த நேரம் பார்த்து அடுத்த படுக்கையில் தலை தெரிந்துவிட்டது. அவர் அங்கே ஓடினார். நான் உள்ளே வந்தபோது அந்தத் தாய், நாற்பத்திரண்டு கிலோ எடைதான் இருப்பார், தன் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ‘சிஸ்டர், விளக்கு இரண்டாகத் தெரிகிறது’ என்றார். பம்பில் 40 அப்படியே இருந்தது. இருபது நிமிடம் கூடுதலாக ஓடியிருந்தது, ஏறக்குறைய 2.7 கிராம். முழங்காலைத் தட்டினேன், மந்தமாக அசைந்தது. மூச்சு நிமிடத்துக்கு 16. நிறுத்தினோம், மருத்துவரை அழைத்தோம், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் கால் பழையபடி அசைந்தது. கால்சியம் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து முதல் தவணை தனி சிரிஞ்ச். அதில் 4 கிராமுக்கு மேல் இல்லாததால், மறந்தாலும் பம்ப் காலியாகிக் கத்துமே தவிர, கூடுதலாக ஒரு சொட்டு ஏறாது. இரண்டு சிரிஞ்சிலும் மருந்தின் பெயர், கிராம், கலந்த நேரம் எழுதி ஒட்டுங்கள். இன்னொருவர் தாமே கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் விடையைச் சொல்லிவிட்டு ‘சரிதானே?’ என்று கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

7. முதல் தவணை: 20 முதல் 30 நிமிடம்

மணிக்கு 40 மில்லி என்றால் 30 நிமிடம், 60 என்றால் 20 நிமிடம். பம்பில் சிரிஞ்சின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். 20 மில்லி சிரிஞ்சைப் போட்டுவிட்டு 50 என்று விட்டால் அளவு தவறிப்போகும்.

ஏற்றும் முன் தாயிடம் சொல்லுங்கள்: ‘உடம்பு முழுதும் சூடு பரவும், முகம் சிவக்கும், வியர்க்கும், குமட்டலாம், கை எரியலாம். பயப்பட வேண்டாம். மூச்சு முட்டினாலோ நாக்கு குழறினாலோ உடனே கூப்பிடுங்கள்.’ மார்கழிக் குளிரில் இரண்டு ஸ்வெட்டரும் சால்வையுமாகப் படுத்திருக்கும் பெண், ஐந்தாவது நிமிடம் எல்லாவற்றையும் உதறித் தள்ளுவார். சொல்லாமல் ஏற்றினால் தான் சாகப்போவதாகவே நினைத்துக்கொள்வார், ஊசியைப் பிடுங்குவார்.

எல்லாத் தாயும் கேட்கும் கேள்வி, ‘குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?’ இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். 2009இல் ஐந்து ஆய்வுகளை, 6,145 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வில் மூளை வாதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 63 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தை அதிலிருந்து தப்புகிறது. குழந்தை இறப்பு கூடவில்லை. தாயிடம் இந்த எண்களைச் சொல்லத் தேவையில்லை. ‘குழந்தையின் கைகால் அசைவுக்கு நல்லது, உயிருக்கு ஆபத்தைக் கூட்டாது, பிறந்ததும் கொஞ்சம் சோர்வாக இருக்கலாம், அதற்கு ஆள் வைத்திருக்கிறோம்’ என்றால் போதும். எண்கள் உங்களுக்காக, நீங்கள் தயங்காமல் சொல்வதற்காக.

இந்த அரை மணி நேரமும் அறையை விட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தமும் மூச்சும் பாருங்கள்.

பிரசவத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே தொடங்குவது நல்லது. நேரம் அவ்வளவு இல்லாவிட்டாலும் தொடங்கலாம். ஆனால் இரத்தப்போக்கு, குழந்தையின் இதயத் துடிப்பு வீழ்ச்சி போன்ற அவசரத்தில், மருந்து முடியட்டும் என்று அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

8. மணிக்கு 1 கிராம்: மூன்றைப் பார்

மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது. முழங்கால் அசைய வேண்டும். சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பம்பை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். அழைத்துக் கேட்டுவிட்டு நிறுத்துவதல்ல.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டுதலின் குறைந்தபட்ச அளவு. எங்கள் வார்டில் மணிக்கொரு முறை.

மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். குளிரில் விறைத்த விரலில் அது தவறாகவும் காட்டும், காட்டாமலும் போகும். ஆக்சிஜன் வைத்திருந்தால் மூச்சு குறைந்த பிறகும் எண் நன்றாகவே நிற்கும். பேசிக்கொண்டே எண்ணவும் முடியாது. தாயின் மேல்வயிற்றில் கையை வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.

முழங்காலுக்குக் கீழே உங்கள் கையைக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். தசை தளர்ந்திருக்க வேண்டும். அசையவில்லை என்றால், அவருடைய இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுக்கச் சொல்லி, இழுக்கும்போதே தட்டுங்கள். கம்பளிப் பாவாடையின் மேல் தட்டிவிட்டு ‘இல்லை’ என்று எழுதியவர்களும் உண்டு. வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடூரல் போட்டிருந்தால் முழங்கால் பதில் சொல்லாது, முழங்கையைத் தட்டிப் பாருங்கள்.

முழங்காலை இவ்வளவு வலியுறுத்துவது ஏனென்றால் நச்சு படிப்படியாக ஏறுகிறது. இரத்தத்தில் மெக்னீசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் ஆகும்போது முழங்கால் அனிச்சை போகும். 5 முதல் 6.5க்கு வரும்போது மூச்சு தளரும். 12.5ஐத் தாண்டினால் இதயம் நிற்கும். முழங்கால் நமக்கு முதலில் தகவல் சொல்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வசதி மலையில் எல்லா இடத்திலும் கிடையாது.

9. நச்சு ஏறிவிட்டால்

பம்பை நிறுத்துங்கள். உதவிக்குக் குரல் கொடுங்கள். மூச்சு தளர்ந்திருந்தால் ஆக்சிஜன், தேவையானால் ஆம்பு பை. மற்றக் கையின் குழாயில் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, அதாவது 1 கிராம், மெதுவாகப் பத்து நிமிடத்தில். பதற்றத்தில் ஒரே அழுத்தாக அழுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். கொடுத்த பின்னும் விட்டுப் போகாதீர்கள். மெக்னீசியம் இன்னும் உடலில்தான் இருக்கிறது.

10. மலை இறங்கும் பயணம்

இவ்வளவு சிறிய குழந்தை பிறந்த பின் கீழே அனுப்புவதைவிட, தாயின் வயிற்றில் வைத்தே அனுப்புவது நல்லது. கோவைக்கு அனுப்ப முடிவானால் மருந்தை மேலேயே தொடங்கி, முதல் தவணை முழுதும் முடிந்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். வண்டி வந்துவிட்டதே என்று பாதியில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். சூடு, குமட்டல், இரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் அந்த அரை மணியில்தான் வரும். அதோடு கொண்டை ஊசி வளைவும் சேர்ந்தால் வாந்தி எதனால், மயக்கம் எதனால் என்று புரியாது.

சொட்டு எண்ணி ஓட்டும் பாட்டிலை வழியில் நம்பாதீர்கள். குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் சொட்டு மாறும். பம்ப் வேண்டும், அது மின்கலத்தில் எவ்வளவு நேரம் ஓடும் என்று வார்டிலேயே சோதித்திருக்க வேண்டும். பம்பைத் தாயின் உடல் மட்டத்தில் கட்டுங்கள். உயரத்தில் தொங்கவிட்டு, குலுங்கலில் சிரிஞ்ச் பிடியிலிருந்து கழன்றால், மருந்து தானாக இறங்கிவிடும்.

பம்ப் இல்லையா? மருத்துவரிடம் கேளுங்கள். 4 கிராமை ஒரே தவணையாகக் கொடுத்து நிறுத்துவதும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் முறைகளில் ஒன்று, ஒரு முறை இன்னொன்றைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை. கண்ணால் பார்க்க முடியாத இருட்டில், குலுங்கும் வண்டியில், கணக்கில்லாமல் ஓடுவதைவிட முதல் தவணையோடு நிறுத்தி அனுப்புவதே மேல் என்பது என் எண்ணம்.

கால்சியம் குளுக்கோனேட், ஆம்பு பை, சுத்தியல் மூன்றும் உங்கள் மடியில் வரட்டும். மேட்டுப்பாளையம் வரை முழங்காலும் மூச்சும் பார்க்க இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். 108 வண்டியின் உதவியாளரிடமும் ஓட்டுநரிடமும் இதைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோடை சீசனில் ஒருவழிப் போக்குவரத்து, ஐப்பசி கார்த்திகையில் மண்சரிவு. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று கேட்காமல் புறப்படாதீர்கள்.

11. குழந்தை பிறக்கும்போது

வார்மரையும் அறை ஹீட்டரையும் முன்கூட்டியே போடுங்கள். கோத்தகிரியிலும் உதகையிலும் இரவில் அறை தானாக 26 டிகிரிக்கு வராது. 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தையைத் துடைக்காமல் கழுத்து வரை சுத்தமான பிளாஸ்டிக் பையில் வைத்து, தலைக்குத் தொப்பி போட்டு வார்மரில் கிடத்துங்கள்.

மெக்னீசியம் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகிறது. சில குழந்தைகள் துவண்டு, சோம்பலாக, மூச்செடுக்கத் தயங்கிப் பிறக்கலாம். அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: ‘மேக்சல்ஃப் ஓடியது, அதனால்தான்’ என்று காத்திருப்பது. காரணம் எதுவாக இருந்தாலும் மூச்சில்லாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் குழந்தைக்கான பையும் முகமூடியும்தான். ஆகவே முகமூடியின் அளவு சரியா, பை வேலை செய்கிறதா என்று தலை தெரியும் முன்பே பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்கென்று ஒருவர் தனியாக நிற்க வேண்டும், அவர் தாயின் பக்கம் திரும்பவே கூடாது.

சிறுநீர் போகப்போக மெக்னீசியம் ஓரிரு நாளில் குறையும். அதுவரை பால் செரிக்கத் தாமதமாகலாம், வயிறு உப்பலாம், மூச்சு இடையில் நின்று வரலாம். பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஒப்படைக்கும்போது ஒரு தாளில் ஐந்து விவரம் எழுதுங்கள்: மொத்தம் எத்தனை கிராம், தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், தாய்க்கு ஓடிய மற்ற மருந்துகள், டெக்ஸாமெத்தசோன் எத்தனை தவணை. அந்தக் குழந்தைக்கு அங்கே ஜென்டாமைசின் எழுதப்படக்கூடும். உடலில் மெக்னீசியம் மிகுந்திருக்கும்போது அது தசையையும் மூச்சையும் இன்னும் தளர்த்தும் என்பதால், அந்தத் தாளை கேஸ் ஷீட்டுக்குள் செருகாமல் மேலே குத்தி, வாங்கிக்கொள்பவரிடம் வாயாலும் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.